ஒரு வண்டிக்கு இரண்டு எஞ்சின்

மோட்டார் வண்டி வாங்கப் புகும் ஐரோப்பியக் குடும்பஸ்தர் முன்னிலையில் இன்று இருவகை மின்சார வண்டிகள் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன. ஒன்று, பெட்ரோலை அடியோடு துறந்து, பாட்டரியில் சேமித்த மின்சாரத்தைக் கொண்டே ஓடுவது. மற்றொன்று, பிளக்-இன் ஹைபிரிட் என்று வழங்குவது. அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு, சுவரில் செருகிச் சார்ஜ் செய்யக்கூடிய சிறு பாட்டரியும் உண்டு. இரண்டில் எதை வாங்குவது என்பது அவரவர் ருசியைப் பொறுத்த விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பொதுஜனங்களின் வரிப்பணம் இதில் கலந்திருக்கிறது. ஜெர்மனியில் 2020-ம் வருஷ மத்தியிலிருந்து, வண்டி செய்யும் கம்பெனிகளின் பங்கையும் சேர்த்து, முழு மின்சார வண்டிக்கு 9,000 யூரோ வரையிலும் ஹைபிரிடுக்கு 6,750 யூரோ வரையிலும் சகாயம் கிடைத்து வந்தது. இவ்வளவும் கொடுத்ததற்குப் பலன் உண்டாயிற்றா என்று கேட்பது நியாயமே.

ஹைபிரிட் கட்சியாரின் வாதத்தை முதலில் கேட்போம். அது அற்பமான வாதமன்று. சாதாரண மனிதர் தினந்தோறும் வண்டியோட்டும் தூரம் சொற்பம். 50, 60 கிலோமீட்டர் ஓடும் சிறு பாட்டரி அதற்குப் போதும். வருஷத்தில் சில நாட்கள் தூரப் பிரயாணம் நேருங்கால் பெட்ரோல் கைகொடுக்கும். இப்படியிருக்க, அந்தச் சில நாட்களை உத்தேசித்து மற்ற நாட்களெல்லாம் பெரிய பாட்டரியைச் சுமந்து திரிவானேன் என்கிறார்கள். காகிதத்தில் இவ்வாதத்திற்கு மறுப்பே கிடையாது. ஆனால் வண்டிக்காரர் வீடு திரும்பியதும் தவறாமல் பிளக்கைச் செருகுவார் என்ற அனுமானத்தின்மீது இவ்வளவும் கட்டப்பட்டிருக்கிறது. மனுஷ சுபாவத்தை நன்கறிந்தவர்கள் இந்த அனுமானத்தைச் செய்திருக்கமாட்டார்கள்.

இதற்கு நல்ல சாட்சியம் இருக்கிறது. 2021 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாய்ப் பதிவாகும் கார்களில், செலவாகும் எரிபொருளைக் குறித்து வைக்கும் ஏற்பாடு இருக்கவேண்டுமென்பது சட்டம். கோர்ட்டில் பழகிய நமக்கு இவ்வேற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. பிரதிவாதியின் சட்டைப்பைக்குள்ளேயே சாட்சியை உட்கார வைத்துவிட்டார்கள்! 2024 மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியக் கமிஷன் அச்சாட்சியத்தை வெளியிட்டது. ஹைபிரிட் வண்டிகள் ரஸ்தாவில் வெளிவிட்ட கரியமிலவாயு, பரீட்சைக்கூடத்தில் கணக்கிட்ட அளவைப்போல் சராசரி மூன்றரை மடங்கு இருந்ததாக அதனால் தெரிய வந்தது. சாதாரணப் பெட்ரோல் வண்டிகளிலும் இவ்வித வித்தியாசம் உண்டு. ஆயினும் அது நூற்றுக்குச் சுமார் 20 வீதத்தோடு நின்றது.

2022-ல் சுத்தப் போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்ஸிலும் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்திய விசாரணை இதன் காரணத்தை விளக்குகிறது. சொந்தக்காரர்களின் ஹைபிரிட்கள் ஓடிய தூரத்தில் நூற்றுக்கு 45 முதல் 49 பங்குதான் மின்சாரத்தால் ஓடியது. கம்பெனிகள் தம் உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுத்த ஹைபிரிட்களிலோ 11 முதல் 15 பங்குதான். உத்தியோகஸ்தரைக் குறைகூறிப் பயனில்லை. பெட்ரோல் செலவைப் பெரும்பாலும் கம்பெனி கொடுக்கிறது. வீட்டு மின்சாரத்திற்கு அவரே கட்டணம் செலுத்த நேருகிறது. ஜெர்மனியில் 2019 முதல், தகுதிபெற்ற ஹைபிரிடாயின், கம்பெனி வண்டியைச் சொந்த உபயோகத்திற்கு வைத்துக்கொள்பவர் வருமான வரிக் கணக்கில் வண்டி விலையில் பாதியைக் காட்டினால் போதும். வரிச்சலுகைக்காக வாங்கிய வண்டி பெட்ரோலில் ஓடாமல் வேறெதில் ஓடும்? இங்கிலாந்தில் கம்பெனிகள் திருப்பிக்கொடுத்த இத்தகைய வண்டிகள் சிலவற்றில், சார்ஜ் செய்யும் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் டிக்கியில் கிடந்ததென்று 2018-ல் செய்தி வெளியாயிற்று. ஹைபிரிடுக்குக் கொடுத்த சகாயத்தை இங்கிலாந்து அந்த வருஷமே நிறுத்திற்று. ஜெர்மனி 2022 முடிவில் நிறுத்திற்று. காலங்கடந்த புத்தியென்றே கூறவேண்டும்.

இனி வாங்குபவரின் நிலைமைக்கு வருவோம். வண்டி நிறுத்துமிடத்தில் அவருக்கு மின்சார வசதி உண்டா? உண்டெனில், ஐரோப்பாவின் சாதாரணச் சுவர்ப் பிளக்கிலிருந்தே இரவு பத்து மணி நேரத்தில் சுமார் 20 யூனிட் ஏறும். அது 100 கிலோமீட்டர் ஓடுவதற்குக் காணும். அத்தகையவருக்குத் தினசரி காரியத்திற்கு எஞ்சின் எதற்கு? எஞ்சின் இருந்தால் பெட்ரோல் டாங்கி, புகைக் குழாய், எண்ணெய் மாற்றும் செலவு எல்லாம் கூடவே வரும். வசதியில்லையெனில், ஹைபிரிட் வண்டி நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாட்டரியை வீண் சுமையாய்ச் சுமக்கும் பெட்ரோல் வண்டியாகவே முடியும். ஆக, பிளக் உள்ளவருக்கு ஹைபிரிட் பெரும்பாலும் அநாவசியம்; இல்லாதவருக்கு அநேகமாய்ப் பிரயோஜனமில்லை.

தூரப் பிரயாணத்தில் நடுவழியில் நின்றுவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அவர்கள் நார்வேயைப் பார்க்கட்டும். நீண்ட தேசம், மலைகள் நிறைந்த தேசம், கடுங்குளிர் வேறு. குளிர் மிகுந்த நாட்களில் பாட்டரி வண்டி ஓடக்கூடிய தூரம் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைவது உண்மையே. அப்படியிருந்தும் 2024-ல் அங்கு விற்ற புதுக் கார்கள் நூற்றில் ஏறக்குறைய 89 முழு மின்சாரக் கார்களே. அந்நாட்டுச் சர்க்கார் 2001 முதல் இவ்வண்டிகளுக்கு விற்பனை வரியை விலக்கியதும், வழிநெடுக விரைவுச் சார்ஜ் நிலையங்கள் ஏற்பட்டதும் இதற்குக் காரணங்கள். நல்ல நிலையமாயின் பாட்டரியின் பெரும்பகுதி அரைமணி நேரத்தில் நிரம்பும். ஒரு கோப்பை காப்பி அருந்தும் நேரம் என்று இதை வர்ணிப்பார்கள். காப்பியை நாம் அவ்வளவு நேரம் அருந்துவதில்லை. ஆயினும் பொறுக்கமுடியாத தாமதமன்று.

ஹைபிரிட் யாருக்குமே ஆகாதென்று நாம் சொல்லவில்லை. வீட்டில் பிளக் இருந்து, ஒரே வண்டியை நம்பி, பின்னால் பாரவண்டியை இழுத்துக்கொண்டு சார்ஜ் நிலையம் அரிதான பிரதேசங்களுக்கு அடிக்கடி செல்லவேண்டியவருக்கு அது பொருத்தமே. ஆனால் அவர் இரவுதோறும் கேபிளைச் செருகும் சிரமத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும். சீனாவில் மின்சாரத்தால் மாத்திரம் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஹைபிரிட்கள் ஏராளமாய் விற்பனையாகின்றன. பாட்டரி பெரிதாகுந்தோறும் மேற்சொன்ன குறைகள் ஒருவாறு தணியும். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும் என்பதை மறக்கலாகாது.

மிஞ்சுபவர்கள் பிளக் இல்லாதவர்கள். அடுக்கு மாளிகைகளில் குடியிருப்போரும் தெருவோரம் வண்டி நிறுத்துவோரும் ஐரோப்பிய நகரங்களில் திரளாய் இருக்கின்றனர். இரண்டாவது எஞ்சினுக்கு வாரியிறைத்த பணத்தை இவர்களுக்கு மின்சாரக் கம்பி இழுப்பதில் செலவிட்டிருந்தால் எவ்வளவோ உபகாரமாயிருந்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம். சட்டமாவது சற்று முன்னேறியிருக்கிறது. 2020 டிஸம்பர் 1 முதல் ஜெர்மனியில், பொதுக் கட்டிடத்தில் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரரும் வாடகைக்குக் குடியிருப்பவரும் தத்தம் வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜ் வசதி செய்துகொள்ள அநுமதி கோரும் உரிமை பெற்றிருக்கின்றனர். செலவு மாத்திரம் கோருபவரைச் சேர்ந்தது. தெருவோரத்தாருக்கு இச்சட்டத்தால் அநுகூலம் ஒன்றுமில்லை. லண்டன் நகரின் பல வட்டாரங்களில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே பிளக் வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் அங்கே வண்டியை விட்டுவைத்தால் காலையில் நிரம்பிவிடுகிறது.