குளிர் எல்லார் வீட்டுக்கும் வந்தபோது

சில வாரங்களுக்கு முன்பு வானொலியில் காலை நிகழ்ச்சியின்போது நேயர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன்: "இந்த வாரம் வீட்டுச் சாமான் எங்கே வாங்கினீங்க?"

பசியாறும் நேரம். குரல் பதிவுகள் வந்து கொட்டின. 99 ஸ்பீட்மார்ட் என்றார்கள், லோட்டஸ் என்றார்கள், மைடின் என்றார்கள். பசார் மாலாம் போனால்தான் காய்கறி மலிவு என்று காப்பாரிலிருந்து ஓர் அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். கைப்பேசியில் சொல்லி வீட்டுக்கே வரவழைத்துவிட்டதாக பங்சாரில் வேலை செய்யும் ஒரு தங்கை சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்து காரில் ஏறிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோல்ட் ஸ்டோரேஜ் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெயருக்கு எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது. அதனால்தான் அந்த மௌனம் என்னை யோசிக்க வைத்தது.

துரை பங்களாவுக்கு வந்த பெட்டி

எங்கள் தாத்தா ஜெஞ்சாரோமுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவில் சமையல் உதவிக்கு இருந்தவர். பட்டணத்திலிருந்து துரைக்குப் பெட்டி வரும் என்று சொல்வார். வெண்ணெய், ஆட்டிறைச்சி, சில சமயம் ஆப்பிள். "மூடியைத் திறந்தா ஆவி மாதிரி குளிர் வரும்டா" என்பார். பெட்டியில் இருந்த பொருளைவிட அந்தக் குளிர்தான் அவர் மனதில் நின்றது. "கோல் ஸ்டோர் பெட்டி" என்று ஒரே வார்த்தையாகச் சொல்வார். அது ஒரு கடையின் பெயர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

கோல்ட் ஸ்டோரேஜ் 1903-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம். ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்த இறைச்சியைக் கப்பலில் கொண்டு வந்து, குளிர் கிடங்கில் வைத்து, இங்கிருந்த ஐரோப்பியர்களுக்கு விற்பதுதான் முதல் தொழில். 1905-இல் ஆர்ச்சர்ட் சாலையில் கடை திறந்தார்கள். பிறகு ரொட்டி, பால், ஐஸ்கிரீம் என்று வளர்ந்து மலாயா நகரங்களுக்கும் வந்தார்கள். நம்மில் பலர் சின்ன வயதில் சாப்பிட்ட மக்னோலியா ஐஸ்கிரீமும் அவர்கள் வளர்த்த பெயர்தான்.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கடையின் முதல் சரக்கே குளிர்தான். வெயில் கொளுத்தும் ஊரில் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று. அதைக் கையில் வைத்திருந்தவரை விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. லயத்தில் இருந்தவர்களுக்கு உப்புக் கருவாடும் டின் சர்டினும்; பங்களாவுக்கு உறைந்த ஆட்டிறைச்சி. நடுவில் இருந்தது ஒரு குளிர்ப்பெட்டி.

எங்கள் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்தது அம்மா கல்யாணமாகி வந்து பல வருடங்கள் கழித்து. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து ஐஸ் தண்ணீர் குடித்தார்களாம். கோல்ட் ஸ்டோரேஜின் முதல் போட்டியாளர் யார் என்று கேட்டால், என் பதில் அந்த ஐஸ் பெட்டிதான்.

ஒரு ரொட்டியும் ஒரு பையும்

நான் முதன்முதலில் கோல்ட் ஸ்டோரேஜுக்குள் போனது கல்லூரியில் ஊடகத்துறை படித்தபோது. கேஎல்சிசியில் சூரியா பேரங்காடியின் கீழ்த்தளம். பல நாட்டுப் பாலாடைக்கட்டிகள் வரிசையாக இருந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலப் பெட்டியில் வரும் துண்டு சீஸ் ஒன்றுதான். அரை மணி நேரம் சுற்றிவிட்டு ஒரு ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பேருந்தில் ஊருக்கு வரும்வரை அந்தப் பையைப் பெயர் தெரியும்படி மடியில் வைத்திருந்தேன். ரொட்டி ஒரே நாளில் தீர்ந்தது. பையை அம்மா மடித்து அலமாரியில் வைத்து, கோயிலுக்குப் போகும்போது மட்டும் எடுத்தார்.

அப்படிப்பட்ட கடை எப்படிச் சரிந்தது? பெரிய போட்டியாளர் ஒருவர் வந்து ஒரே அடியில் வீழ்த்தவில்லை. மேலேயும் கீழேயும் இரண்டு பக்கம் நெருக்கினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது.

விற்ற குடும்பம் திரும்பி வந்தது

இந்தக் கதையில் ஜயண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1944-இல் கோலாலம்பூரில் தெங் குடும்பம் தொடங்கிய சாதாரண மளிகைக்கடைதான் பின்னாளில் ஜயண்ட் ஆனது. ஹாங்காங்கின் டெய்ரி பார்ம் நிறுவனம் 1999-இல் ஜயண்டை வாங்கியது. அதன்பின் மக்கள் கூட்டம் கூடும் ஜயண்டும், மேல்தட்டுக்கான கோல்ட் ஸ்டோரேஜும் ஜிசிஎச் ரீடெய்ல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் நடந்தன.

அது பிரம்மாண்டக் கடைகளின் காலம். 1994-இல் கேர்ஃபோர் வந்தது. 2002-இல் பூச்சோங்கில் டெஸ்கோ திறந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் தள்ளுவண்டி நிறைய சாமான் ஏற்றுவது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. குளிரூட்டிய இறைச்சியும் வெளிநாட்டுப் பழமும் இப்போது எல்லாரும் போகும் கடையிலேயே கிடைத்தன.

மேல்தட்டிலும் புதியவர்கள் வந்தார்கள். பங்சார் வில்லேஜில் வில்லேஜ் குரோசர். 2007-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஜெயா குரோசர். 2011-இல் பப்ளிகாவில் பென்ஸ் இன்டிபென்டென்ட் குரோசர். இதில் ஒரு சுவாரஸ்யம்: ஜெயா குரோசரைத் தொடங்கியவர்கள் ஜயண்டைத் தோற்றுவித்த அதே தெங் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கடையை விற்றவர்கள் தொழிலை மறக்கவில்லை. எந்தப் பேட்டையில் எந்த வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்று தெரிந்தவர்கள், புதுப் பெயரில் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கடைகளில் காப்பி குடிக்கலாம், வாங்கிய மீனை அங்கேயே சமைத்துத் தரச் சொல்லலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். வசதியுள்ளவர்கள் அங்கே நகர்ந்தார்கள். 2021 டிசம்பரில் ஜெயா குரோசரின் பெரும் பங்கை வாங்குவதாக கிராப் அறிவித்தது. கொவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்கே சாமான் வரும் பழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

கிள்ளானிலிருந்து வந்த நெருக்கடி

கீழ்ப்பக்கத்து நெருக்கடி நம்ம கிள்ளானில் பிறந்தது. 99 ஸ்பீட்மார்ட்டின் நிறுவனர் லீ தியாம் வா சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. சாலையோரத்தில் தின்பண்டம் விற்றவர், 1987-இல் கிள்ளானில் மளிகைக்கடை திறந்தார். 2024 செப்டம்பரில் அவருடைய நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து 236 கோடி ரிங்கிட் திரட்டியபோது, நாடு முழுக்க 2,600-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன.

அங்கே பாலாடைக்கட்டி வரிசை கிடையாது. உட்கார இடமும் கிடையாது. மீன், இறைச்சி என்று கெட்டுப்போகும் சரக்கிலும் கை வைக்கவில்லை. அரிசி, எண்ணெய், மைலோ, சவர்க்காரம், பிள்ளைக்கு டயப்பர். கடைவீட்டு வரிசையில் ஒரு கடை, வாசலில் மோட்டாரை நிறுத்தி ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் ரகசியம். அன்றாடச் சாமானுக்காகப் பெரிய கடைக்குப் போகும் தேவை குறைந்தது. கேர்ஃபோர் 2012-இல் இயோனிடம் போனதும், டெஸ்கோ 2020-இல் தாய்லாந்தின் சிபி குழுமத்துக்குக் கைமாறி லோட்டஸ் ஆனதும் நாம் பார்த்ததுதான்.

இதற்கிடையில் நம் பணமும் இளைத்தது. 2014 நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 3 வெள்ளி 20 காசு கொடுத்தோம். 2015 முடியும்போது 4 வெள்ளி 30 காசு அளவுக்குப் போய்விட்டது. அதே 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டியும் வந்தது. வெளிநாட்டுச் சரக்கை நம்பிய கடைக்கு இது வயிற்றில் அடி. பேரங்காடி வாடகை, மின்சாரம், விற்காமல் வாடிப்போகும் கீரையும் பழமும் எல்லாம் அதே கணக்கில்தான் ஏறும்.

கடைசியில் 2023-இல் டெய்ரி பார்ம் (இப்போது டிஎப்ஐ) தன் மலேசிய மளிகைத் தொழிலை, ஜயண்ட், கோல்ட் ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் சேர்த்து, மேக்ரோவேல்யூ என்ற மலேசிய நிறுவனத்துக்கு விற்றது. கார்டியன் மருந்துக்கடைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எது வருமானம் தருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

2025 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு. சிங்கப்பூரில் உள்ள 48 கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளும் 41 ஜயண்ட் கடைகளும் 12.5 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு அதே மேக்ரோவேல்யூவுக்கு என்று. துரைமாருக்காகத் தொடங்கிய கடை, 120 வருடம் கழித்து, பிறந்த ஊரிலேயே ஒரு மலேசிய நிறுவனத்தின் கைக்கு வருகிறது. தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

முப்பத்தைந்து வெள்ளிப் பாக்கி

பணக்காரக் கடையின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கடை மூடும்போது முதலாளி பெயர்ப்பலகையை விற்றுவிட்டுப் போவார். கல்லாவில் நின்றவர்கள்? எங்கள் தெருவில் ஓர் அக்கா. ஒரு பெரிய பேரங்காடியில் பதினோரு வருடம் காசாளர். கிளை மூடப்பட்டபோது வேறு கிளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பேருந்து மாற வேண்டும். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு முடியவில்லை, விட்டுவிட்டார். இப்போது வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கிறார். அவர் முறுக்கு நன்றாக இருக்கும். ஆனால் முறுக்குக்கு இபிஎப் கிடையாது.

இன்னொன்று நம் கடைகள். ஜெஞ்சாரோமில் எங்களுக்குச் சாமான் கொடுத்த மாமா ஒருவர் இருக்கிறார். கல்லாப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கும் 555 கணக்குப் புத்தகம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் மூன்று மாதம் வேலைக்குப் போகாதபோது அந்தப் புத்தகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கடைசியில் 35 வெள்ளி பாக்கி நின்றது. அம்மா அதைத் தீபாவளிக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா அதில் 5 வெள்ளியை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த மாமாவுக்கும் அதே நெருக்கடிதான். அரிசியும் எண்ணெயும் சங்கிலிக் கடையில் மலிவு. அங்கே மொத்தமாக ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கொள்முதல் செய்கிறார்கள். இவர் வேனில் போய் இருபது மூட்டை எடுக்கிறார். விலையில் மோதினால் தோல்வி நிச்சயம்.

ஆனால் அவர் இன்னும் கடையைத் திறக்கிறார். எப்படி என்று போன வாரம் கேட்டேன். "அவங்ககிட்ட இருக்கிறத நான் இப்ப அதிகம் வைக்கிறதில்லப்பா" என்றார். வாழை இலை, முருங்கைக்கீரை, வெற்றிலை, கையால் அரைத்த மீன் மசாலா, காரியத்துக்கு வேண்டிய பூஜைச் சாமான். யார் வீட்டில் எந்தத் திதி என்று அவருக்கு மனப்பாடம். முதல் நாளே மகள் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறார்: "அக்கா, இலை எத்தனை எடுத்து வைக்க?" பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நிற்கும் கடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் இதே வழிதான்.

கோல்ட் ஸ்டோரேஜ் சொல்லும் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றவரிடம் இல்லாத ஒன்றால் எழுந்த கடை அது. அந்த ஒன்று எல்லார் வீட்டுக்கும் வந்த பிறகு, அடுத்தது என்ன என்ற கேள்விக்கு மற்றவர்கள் முதலில் பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமாவின் வாழை இலைக்கும் அந்த நாள் வரலாம். ஏற்கெனவே சில பேரங்காடிகளில் இலையைச் சுருட்டி நெகிழியில் கட்டி வைக்கிறார்கள். திதியை நினைவில் வைப்பதும், கஷ்டத்தில் புத்தகத்தைத் திறப்பதும் மட்டும் இன்னும் யாருக்கும் வரவில்லை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை வாடிக்கையாளர்களாகிய நாம்தான் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை அம்மா என்னிடம் பட்டியல் கொடுத்தார். எண்ணெயும் சவர்க்காரமும் ஒரு கடை, மீன் பசாரில், மற்றதெல்லாம் மாமா கடையில். சாமான் போட அலமாரியிலிருந்து ஒரு பை எடுத்தார். பழைய கோல்ட் ஸ்டோரேஜ் பை. எழுத்து பாதி அழிந்திருந்தது. மாமா அதில் மசாலாவும் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தார்.