கடலுக்கும் போகம் உண்டு, வரம்பும் உண்டு: சோளக காலத்தில் கரையோர மீன்பிடி

சென்ற சோளக காலத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் நாம் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். வயற்காணிக்குத் திரும்ப வழியில்லாமல் உறவினர் வளவில் கொட்டில் போட்டுத் தங்கியிருப்பவர்கள். சிறுபோகம் செய்ய நிலம் இல்லை. கூலி வேலையும் கிழமைக்கு இரண்டு நாள்தான். குடும்பத் தலைவர் கடன்பட்டு ஒரு வலை வாங்கினார். களப்பில் இறங்கிய மூன்றாம் நாளே வலை பறிமுதலாயிற்று. அது தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை. விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. வலை போயிற்று, கடன் நின்றது.

"நெல்லைப் பற்றிக் கேளுங்கோ ஐயா, சொல்லுவன். இது எங்களுக்குத் தெரிஞ்ச தொழில் இல்லை" என்றார் அவர்.

அவருடைய நிலையில் இன்னும் பல குடும்பங்கள் உள்ளன. கறிக்கு நாலு மீன் கிடைத்தால் போதும் என்று தூண்டிலோடும் வீச்சுவலையோடும் கரைக்குப் போகிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை. கடலும் வயலைப் போன்றதே. அதற்கும் போகம் உண்டு, வரம்பு உண்டு, தண்ணீர் முறை போன்ற முறையும் உண்டு. அவற்றை அறிந்து இறங்கினால் நட்டமும் வராது, பகையும் வராது.

காற்றை அறிந்து இறங்குவோம்

கமக்காரன் மழையைப் பார்ப்பது போலக் கடற்றொழிலாளி காற்றைப் பார்க்கிறான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. இடையில் வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் காற்று மாறும் காலம். அப்போது பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். வெட்டவெளியான களப்பில் நிற்பது ஆபத்து.

சோளக காலத்தில் தெற்கு, மேற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும். திருகோணமலை, முல்லைத்தீவுப் பக்கத்தில் கடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நிலைமை மறுபுறமாகும். இதனாலேயே நீர்கொழும்பு, சிலாபம் பகுதித் தொழிலாளர் சோளகத்தில் கொக்கிளாய், நாயாறு போன்ற இடங்களுக்கு வந்து வாடி அமைக்கின்றனர்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எமது கிழக்குக் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆகையால் கரையோரத் தண்ணீர் குளம் போலக் கிடக்கும். அதை நம்பி றெஜிபோம் தெப்பத்திலோ, லொறி ரியூபிலோ ஏறினால் காற்று மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும். திரும்பக் கை வலிக்கத் துடுப்புப் போட்டாலும் கரை வராது. தெப்பம் ஓட்டிப் பழகாதவர்கள் கரையில் நின்றே தூண்டில் போடுவது நல்லது. பிள்ளைகளைத் தனியே அனுப்பவே கூடாது. வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கும் கடல் எச்சரிக்கையை வானொலியில் கேட்ட பின்னரே புறப்படுங்கள்.

களப்பின் நிலை

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் முதலிய களப்புகள் உள்ளன. இவை ஆழம் குறைந்தவை. மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் உடைக்கும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும். பின்பு தண்ணீர் வற்றி, உப்புக் கூடி, சூடேறும். சூடான தண்ணீரில் மீன் சுவாசிக்க வேண்டிய காற்றுக் குறைவு. விடியற்புறத்தில் அது மிகவும் குறையும். அவ்வேளையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதும் உண்டு. செத்து மிதந்த மீனைப் பொறுக்கிச் சமைக்க வேண்டாம்.

களப்பு மீன்களுக்கு நாற்றுமேடை என்று சொல்லலாம். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் களப்புக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குப் போய் முட்டையிடுகின்றன. ஆகவே களப்பில் சிறுகண் வலையால் குஞ்சை அள்ளுபவர் நாற்றுமேடையில் மாட்டை விட்டவர் போலாவார். கரையிலுள்ள கண்டல் மரங்களின் வேரிடையேதான் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. விறகுக்கென்று அவற்றை வெட்டாதீர்கள்.

வீட்டுத் தேவைக்குக் கிளக்கன், பாரை, கெளிறு போன்றவை இறால் இரைக்கு நன்றாகத் தூண்டிலில் படும். மணலை, திரளி ஆகியவற்றுக்கு வீச்சுவலையே ஏற்றது. வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் மீன் இரை எடுக்கும்.

சட்டம் சொல்வது

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் நாடு முழுவதற்கும் உரியவை. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வருபவருக்கும், வயிற்றுப்பாட்டுக்காக வலை வீசுபவருக்கும் விதி ஒன்றே. முக்கியமானவற்றை இங்கு தருகிறோம்.

1. வெடி, நஞ்சு, மயக்கமருந்து ஆகியவற்றால் மீன்பிடிப்பது குற்றம். பயிருக்கு அடிக்கும் மருந்தும் இதில் அடங்கும். அப்படிப் பிடித்த மீனெனத் தெரிந்தும் வாங்குவதும் விற்பதும் குற்றமே. வெடியில் செத்த மீனின் முள்ளந்தண்டு பெரும்பாலும் முறிந்திருக்கும். வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும். மலிவென்று வாங்க வேண்டாம்.

2. தங்கூசி வலை 2006 முதல் தடை. தனி இழையாய்க் கண்ணாடி போலத் தெரிவது தங்கூசி. பல இழை முறுக்கிய நூல் வலை வேறு. தூண்டிலுக்குத் தங்கூசிக் கயிறு பாவிக்கலாம்; தடை வலைக்கே. இவ்வலை அறுந்து தண்ணீரில் கிடந்தாலும் உக்காது. ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

3. இழுவைமடித் தொழில் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

4. சிங்க இறாலை பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது. முட்டை சுமந்த சிங்க இறாலை எந்த மாதத்திலும் பிடிக்கக் கூடாது. 70 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைந்த சங்கையும் எடுக்கக் கூடாது.

5. கடலாமை, ஆவுளியா ஆகியவை வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வலையில் தற்செயலாகப் பட்டாலும் உயிரோடு விட்டுவிட வேண்டும். ஆமை முட்டையையும் தோண்டலாகாது.

6. மீன்பிடி வள்ளம் பதிவுசெய்யப்பட வேண்டும். ஒழுங்குவிதிகளில் குறித்த தொழில்களுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். வலைக்குக் காசு கொடுக்கும் முன்னர் உங்கள் பிரிவுக் கடற்றொழில் பரிசோதகரிடம் வலையின் வகையையும் இடத்தையும் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இடத்தையும் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கொக்கிளாய் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இவ்விடங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன.

தடைக்காலம் ஏழையின் வயிற்றில் அடிப்பதல்லவா என்று சிலர் எம்மிடம் கேட்டனர். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அடுத்த போகம் என்னாகும் என்று நாம் திருப்பிக் கேட்டோம். குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காதே என்று மோசேயின் சட்டத்திலும் ஒரு கட்டளை உண்டு. முட்டை சுமந்த இறாலும் அந்தத் தாய்ப்பறவை போன்றதே. சினை நண்டு அகப்பட்டாலும் அதே எண்ணத்தோடு விட்டுவிடுவோம்.

பாடும் முறையும்

சட்டப் புத்தகத்தை விடப் பழமையானது ஊர் வழக்கம். கரைவலை இழுக்கும் கரைக்குப் 'பாடு' என்று பெயர். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக்காரர் உண்டு. வலை வளைத்துக் கிடக்கும் வேளையில் அதற்குள் தூண்டில் எறிவதும் வீச்சுவலை வீசுவதும், அடுத்தவன் முறைத் தண்ணீரை இரவில் எங்கள் வயலுக்குத் திருப்புவது போன்றது. வாய்க்காலுக்கு வட்டவிதானையார் இருப்பது போலக் கரைக்குக் கடற்றொழிலாளர் சங்கம் இருக்கிறது. முதலில் அவர்களிடம் போங்கள். "நாங்கள் இன்ன ஊர், கறிக்கு மீன் பிடிக்க எந்தப் பக்கம் இறங்கலாம்?" என்று கேளுங்கள். கேட்டு இறங்கியவரை விரட்டியதாக நாம் கேள்விப்பட்டது அரிது. கேளாமல் இறங்கியதால் வந்த சண்டைகள் பலவற்றை அறிவோம்.

இன்னொரு வழியும் உண்டு. கரைவலை இழுக்க ஆட்கள் பலர் வேண்டும். செலவு கழித்து வருமானத்தில் இழுத்தவருக்குப் பங்கு உண்டு. கடன்பட்டு வலை வாங்குவதைவிடச் சில காலம் இழுவைக்குப் போய்த் தொழிலைப் பழகுவது கைக்கு அடக்கமானது.

உயிருக்கு ஆபத்தானவை

ஊதிப் பெருக்கும் பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது. அதன் ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் கொடிய நஞ்சு உண்டு. எவ்வளவு அவித்தாலும் அது போகாது. உண்டபின் உதடும் நாக்கும் விறைத்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இந்நஞ்சுக்கு மாற்றுமருந்து இல்லை. மூச்சு நின்றுபோகாமல் காப்பதே சிகிச்சை.

திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அவ்விடத்தை வைத்திருங்கள். வலி தணியும். தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். களப்பில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும்.

பிடித்த மீனை வெயிலில் வைக்காதீர்கள். சூரை, கும்பிளா போன்றவை வெயிலில் கிடந்தால் உண்டாகும் நஞ்சும் சமையலில் அழியாது. ஐஸ் இல்லாவிட்டால் உடனே குடல் எடுத்துக் கழுவி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பென்று போட்டுக் கருவாடாக்குங்கள்.

முதலிற் சொன்ன குடும்பத் தலைவர் இப்போது கரைவலை இழுவைக்குப் போகிறார். பழைய கடனில் பாதி அடைந்துவிட்டது. மாலையில் சங்கத்தார் காட்டிய இடத்தில் மகனோடு தூண்டில் போடுகிறார். "ஐயா, இங்கையும் வரம்பு இருக்குது, கண்ணுக்குத்தான் தெரியேல்லை" என்று சிரித்தார். எங்கள் வயலின் வரம்புகள் திரும்பக் கைக்கு வரும்வரை, இந்த வரம்பையும் மதித்து நடப்போம்.