அத்தா எப்போது வருவார்?



மேலூரில் ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். குடும்பத் தலைவர் வஃபாத்தாகிவிட்டார். பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வந்து சேர்கிறது. இருபத்தைந்து வயதாகியும் சிறு குழந்தையின் அறிவோடு வாழும் மகனை மட்டும் யாரோ கைபிடித்து அடுத்த வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். "அத்தா வெளியூர் போயிருக்கிறார்" என்று அவனிடம் கூறப்படுகிறது. அன்று முதல், மதுரைப் பேருந்து வரும் மாலை வேளைகளில் அவன் வாசற்படியில் காத்திருக்கிறான். மாதங்கள் சென்றபின் உண்ண மறுக்கிறான். பொருள்களை வீசி எறிகிறான். "பிடிவாதம்" என்கின்றனர் வீட்டார். அது பிடிவாதமன்று, துக்கம்!

இத்தகைய நிலை எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் ஏற்படலாம். அறிவு வளர்ச்சி குன்றியவர்களுள் தாயையோ தந்தையையோ இழந்த 50 பேரைப் பற்றிய ஆய்வொன்றை, லண்டன் மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸ் தம் சக ஆய்வாளருடன் 1997இல் வெளியிட்டார். அவர்களிடம் தோன்றிய நடத்தை மாற்றங்களைப் பராமரிப்போர் பெரும்பாலும் அந்த இழப்போடு தொடர்புபடுத்தவில்லை என்பது அதில் தெரியவந்தது. புரியாதவர்கள் அவர்களல்லர், நாமே!

என்ன செய்ய வேண்டும்?

"அத்தா மவ்த்தாகிவிட்டார்; இனி வரமாட்டார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "உறங்குகிறார்" என்றால் உறக்கத்துக்கே அஞ்சுவர். பலமுறை கேட்டாலும் அதே விடையைப் பொறுமையுடன் கூறுங்கள். விரும்பினால் முகத்தைப் பார்க்கட்டும். மார்க்கக் கடமைகள் அவர்மீது விதிக்கப்படவில்லை என்பதற்காக அவரை ஜனாஸாவிலிருந்து விலக்க வேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவர் துணைநிற்க, மகன் கபுரில் மூன்று கைப்பிடி மண் இடட்டும். அத்தாவின் தொப்பியையோ தஸ்பீஹையோ அவர் வைத்துக்கொள்ளட்டும். உணவு வேளை, படுக்கும் இடம் ஆகியவற்றை மாற்றாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஆறு வயதில் தம் தாயாரை இழந்தவர்கள். பிற்காலத்தில் அந்தக் கபுருக்குச் சென்று அழுதார்கள், உடனிருந்தோரும் அழுதனர். அறிவில் குறைபாடிருந்த ஒரு பெண்மணி தம் தேவையைக் கூற வந்தபோது, அவர் விரும்பிய தெருவிலேயே நின்று, கூறி முடிக்கும்வரை செவிமடுத்தார்கள். இவ்விரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. அந்தச் செவிமடுத்தலே நமக்கு முன்மாதிரி.

பெற்றோர்களே! "எனக்குப் பின் என் பிள்ளைக்கு யார்?" என்ற கேள்வியை ஒத்திப்போடாதீர்கள். இன்றே அவரை வேறொரு உறவினருடன் பழக்குங்கள். எதை உண்பார், எதற்கு அஞ்சுவார், எந்த மருந்து என்பனவற்றை எழுதி வையுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வமான பாதுகாவலரைப் பெறலாம். பாதுகாவலர் 6 மாதத்துக்குள் சொத்து விவரத்தை ஒப்படைக்க வேண்டும்.

உறவினர்களே! அறிவுக் குறைவால் வாரிசுப் பங்கு குறையாது. சொத்தை நிர்வகிக்க இயலாதவர்களுக்கு அதிலிருந்தே உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் கனிவாகப் பேசுமாறு திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம், 5ஆம் வசனம் பணிக்கிறது.

வாசற்படியில் காத்திருக்கும் அந்தப் பிள்ளையின் அருகில் இன்று மாலை சற்றே அமருங்கள். உண்மையைச் சொல்லுங்கள். அவர் அழுதால், அழ விடுங்கள். பின்னர் இருவருமாகக் கையேந்தி அத்தாவுக்காக துஆச் செய்யுங்கள். அந்தப் பிரார்த்தனையை அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.