வேரை வளைக்கும் காந்தம், விளைச்சலைக் கூட்டுமா?

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் ஆளி விதைகளும் போயின. காந்தங்களுக்குப் பக்கத்தில் அவற்றை முளைக்க வைத்து, எடையில்லாத இடத்தில் வேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது கலம் சிதறியது. ஏழு பேரும் உயிரிழந்தனர். ஆனாலும் அந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் விடவில்லை. 2017 பிப்ரவரியில் அதே கேள்வியோடு, கடுகு இனத்து விதைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

வேருக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு என்பதை அறிவியல் இவ்வளவு அக்கறையாகத் தேடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், 'தொட்டியில் காந்தம் புதைத்தால் செடி செழிக்கும்', 'போர் குழாயில் காந்தம் மாட்டினால் மகசூல் கூடும்' என்று காணொளிகளும் விளம்பரங்களும் சொல்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடம் கண்டது எது, சந்தை சேர்த்துக்கொண்டது எது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் விவசாயியின் காசு வீணாகாது. நல்ல ஆய்வின் பெயரும் கெடாது.

வேர்நுனியில் மாவுமணிகள்

விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழேதான் போகும். அதற்கான கருவி வேர்நுனியைப் போர்த்தியிருக்கும் தொப்பிக்குள் இருக்கிறது. அங்குள்ள செல்களில் மாவுச்சத்து மணிகள் உண்டு. செல்சாற்றைவிடக் கனமானவை என்பதால், அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதுபோல அவை செல்லின் அடிப்பக்கம் போய்ப் படியும். நாற்றைப் படுக்க வைத்தால் மணிகள் இடம் மாறி, புதிய அடிப்பக்கத்தில் தங்கும். உடனே வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் அந்தப் பக்கம் கூடுதலாகப் பாயும். வேரைப் பொறுத்தவரை ஆக்சின் மிகுந்தால் வளர்ச்சி மட்டுப்படும். மேல்பக்கம் வேகமாக நீள, கீழ்ப்பக்கம் பின்தங்க, வேர் கீழ்நோக்கி வளையும்.

காந்தம் இதில் எப்படி நுழைகிறது? இரும்பைக் காந்தம் இழுக்கும். மாவுச்சத்தை மிக மெல்லத் தள்ளும். அந்தத் தள்ளல் வேலை செய்ய வேண்டுமானால் வலுவான காந்தம் மட்டும் போதாது. மிகச் சிறிய தூரத்துக்குள் காந்தப்புலம் சட்டென்று ஏறி இறங்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் ஒலெக் குஸ்னெட்சோவ், கார்ல் ஹாசன்ஸ்டைன் இருவரும் அப்படியொரு புலத்தை உண்டாக்கி, அதன் அருகே ஆளி நாற்றுகளை வைத்தார்கள். 1996இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, வேர்கள் வலுவான புலத்தை விட்டு விலகி வளைந்தன. மணிகள் தள்ளப்பட்ட பக்கத்தையே வேர் 'கீழ்' என்று எடுத்துக்கொண்டது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் மாவுமணி உருவாகாத ஒரு ரகத்தையும் அதே புலத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதன் வேர் வளையவில்லை. வளைவுக்குக் காரணம் மணிகள்தான் என்பதை இந்த ஒப்பீடு காட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது: இந்தக் காந்தம் வேரின் திசையைத்தான் மாற்றியது. செடியைப் பெரிதாக்கவில்லை.

பூசாவில் கொண்டைக்கடலை

வளர்ச்சியைக் கூட்டுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. டெல்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனந்தா வசிஷ்ட், சாந்தா நாகராஜன் இருவரும் கொண்டைக்கடலை, மக்காச்சோளம், சூரியகாந்தி விதைகளை மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்தார்கள். புலத்தின் வலிமையை 50 மில்லிடெஸ்லா வீதம் 250 வரை கூட்டினார்கள். நேரத்தை 1 மணி முதல் 4 மணி வரை மாற்றினார்கள். தமிழ்நாட்டில் பூமியின் இயற்கையான காந்தப்புலம் ஏறத்தாழ 0.04 மில்லிடெஸ்லா. அதாவது, அவர்கள் தொடங்கிய அளவே அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல்.

2008இல் வெளியான கொண்டைக்கடலை ஆய்வில், காந்தம் காட்டிய விதைகள் சீக்கிரம் முளைத்தன, நாற்றின் நீளமும் உலர் எடையும் கூடின, வேரும் செழித்தது. சூரியகாந்தி விதைகளில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்பா அமைலேஸ் உள்ளிட்ட நொதிகள் சுறுசுறுப்பாக இயங்கின. இந்தூர் தேவி அகில்யா பல்கலைக்கழகத்தில் சோயா விதைகளிலும், ஸ்பெயினில் நெல் விதைகளிலும் இதே திசையில் முடிவுகள் வந்தன.

பூசா முடிவுகளில் ஒரு செய்தி மிக முக்கியமானது. கொண்டைக்கடலைக்கு மிக நன்றாக அமைந்தவை மூன்று சேர்க்கைகள்: 50 மில்லிடெஸ்லாவில் 2 மணி, 100இல் 1 மணி, 150இல் 2 மணி. வலிமையைக் கூட்டக் கூட்டப் பலன் கூடவில்லை. பயிருக்குப் பயிர் அளவும் நேரமும் வேறு. ஆகவே, 'எல்லாப் பயிருக்கும் இந்த ஒரு காந்தம்' என்று யாராவது விற்றால், அந்தப் பேச்சுக்கு இந்த ஆய்வுகள் ஆதரவு தரவில்லை.

இன்னொன்று, முளைப்பு வேறு, மகசூல் வேறு. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம் இருக்க வேண்டும். 95 சதவீதம் முளைக்கும் நல்ல விதையில் காந்தம் கூட்டித் தர மிச்சமிருப்பது ஐந்தே சதவீதம். பழைய விதை, வீரியம் குறைந்த விதை, மானாவாரி நிலத்தில் வேர் சீக்கிரம் ஆழம் போக வேண்டிய பயிர் போன்ற இடங்களில்தான் இந்த விதை நேர்த்திக்கு உண்மையான வேலை இருக்க முடியும்.

பாரிஸ் சொன்னது, ஆக்ஸ்ஃபோர்டு சோதித்தது

காந்தத்தைச் செடி எதைக் கொண்டு உணர்கிறது? கிரிப்டோகுரோம் என்ற புரதத்தின் மீது பலருக்குச் சந்தேகம். நீல ஒளியை உணரும் இந்தப் புரதம் செடிகளிலும் உண்டு, பறவைகளிலும் உண்டு. வலசை போகும் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை அறிவது இதனால்தான் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. 2007இல் பாரிஸைச் சேர்ந்த மார்கரெட் அஹ்மத் குழுவினர், அரை மில்லிடெஸ்லா புலத்தில் நீல ஒளியில் வளரும் அராபிடாப்சிஸ் நாற்றின் தண்டு மாறுதலாக வளர்கிறது என்று அறிவித்தார்கள். உலகமே ஆவலோடு படித்த ஆய்வு அது.

2009இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹோர் உள்ளிட்டோர், வெப்பத்தையும் ஒளியையும் கவனமாகக் கட்டுப்படுத்தி அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். நிலையான எந்த விளைவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இந்தத் துறையின் சிரமமே இதுதான். மின்காந்தத்தின் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகும். விதை ஒன்றிரண்டு டிகிரி வெதுவெதுப்பில் இருந்தாலே முளைப்பின் வேகம் மாறிவிடும். காந்தம் செய்ததா, சூடு செய்ததா? எந்தத் தட்டில் காந்தம் காட்டிய விதை இருக்கிறது என்று எண்ணுபவருக்குத் தெரிந்திருந்தால், பாதி முளைத்த விதையை எந்தக் கணக்கில் சேர்ப்பார்? சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேடும் ஆய்வில் இவையெல்லாம் பெரிய கேள்விகள்.

குழாயில் மாட்டும் காந்தம்

சந்தையில் அதிகம் விற்பது விதைக்கான காந்தம் அல்ல, தண்ணீருக்கானது. குழாயின் மேல் மாட்டிவிட்டால் உப்புத் தண்ணீரும் பயிருக்கு உகந்ததாகிவிடும் என்பது வாக்குறுதி. சிட்னியில் பசந்த் மகேஷ்வரி, ஹர்சரண் கிரேவால் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குச் சற்று ஆதரவு இருக்கிறது. காந்தம் வழியாக வந்த சுத்திகரித்த கழிவுநீரில் செலரி மகசூல் 12 சதவீதமும், உப்பு நீரில் 23 சதவீதமும் கூடியது. ஆனால் அது கண்ணாடிக் குடிலில், தொட்டியில் நடந்த சோதனை. வெயிலும் மழையும் மண்ணும் மாறிக்கொண்டே இருக்கும் வயலில், பருவத்துக்குப் பருவம் அதே பலன் வரும் என்பதற்கு அது சான்றாகாது. காரணம் என்ன என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

ஒன்று மட்டும் உறுதி: காந்தம் தண்ணீரிலிருந்து உப்பை நீக்குவதில்லை. கரைந்த உப்பு குழாயைத் தாண்டி அப்படியே வயலுக்குத்தான் போகிறது. அதை நம்பி ஜிப்சம் இடுவதையும் வடிகால் அமைப்பதையும் விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் மண் கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது.

நீங்களே சோதிக்கலாம்

விதைச் சோதனைக்கூடங்கள் ஒரு மாதிரிக்கு 400 விதைகளை, நூறு நூறாகப் பிரித்து முளைக்க வைத்து எண்ணும். பள்ளி மாணவர்களும் விவசாயிகளும் அதையே பின்பற்றலாம். ஒரே மூட்டையிலிருந்து 800 விதைகளை எடுங்கள். பாதியைக் காந்தத்தின் மேல் வையுங்கள். மீதியை அதே அளவுள்ள, காந்தமில்லாத இரும்புத் துண்டின் மேல், அதே அறையில், அதே நேரம் வையுங்கள். பிறகு எட்டு ஈரச் சாக்குகளில் நூறு நூறாக முளைகட்டுங்கள். எது எது என்ற குறிப்பு ஒருவரிடம் இருக்கட்டும்; அதை அறியாத இன்னொருவர் எண்ணட்டும். நான்கு சாக்குகளுக்கும் மற்ற நான்குக்கும் உள்ள வித்தியாசம், அந்தந்த நான்குக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் மறுபடியும் செய்து பாருங்கள். மறுபடியும் அதே விடை வந்தால் உங்கள் கையில் இருப்பது நல்ல சான்று.

வயலிலும் இதே முறைதான். ஒரு வயலில் காந்தம், பக்கத்து வயலில் இல்லை என்று ஒப்பிட்டால் மண்ணின் வித்தியாசமே விடையைக் குழப்பிவிடும். ஒரே வயலில் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி மாற்றிச் செய்து, அறுவடையில் தனித்தனியாக எடை போட வேண்டும்.

இதை ஒவ்வொரு விவசாயியின் தலையிலும் கட்டுவது நியாயமில்லை. பூசாவில் தொடங்கிய வேலையை மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் நம் நெல், உளுந்து, நிலக்கடலை ரகங்களில், நம் மானாவாரி நிலங்களில், பல பருவங்கள் செய்து, கிடைத்த பலனையும் கிடைக்காத பலனையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அதுவரை, காந்தம் விற்க வருபவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: காந்தம் வைக்காத பாத்தியில் எவ்வளவு விளைந்தது? அந்தக் கணக்கைக் காட்ட முடியாதவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.