கள்ளச்சாராயமும் வளரும் பிள்ளைகளும்

கொல்கத்தாவின் சியால்டா நிலையத்திலிருந்து டயமண்ட் ஹார்பர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது சங்கிராம்பூர். 2011 டிசம்பரில் அப்பகுதியில் ‘சோலாய்’ எனப்படும் கள்ளச்சாராயத்தைக் குடித்த 170க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் அன்றாடக் கூலிகள், ரிக்‌ஷா ஓட்டுவோர். வரி செலுத்தாத சரக்கு எப்போதும் மலிவுதான். அதில் மெத்தில் ஆல்கஹாலைக் கலந்தால் விற்பவருக்கு இலாபம் மேலும் கூடும். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததும் இதுவே.

வார்னிஷ், வண்ணப்பூச்சுத் தொழில்களில் கரைப்பானாகப் பயன்படும் இப்பொருளை நிறத்தாலோ மணத்தாலோ குடிப்பவர் பிரித்தறிய இயலாது. கல்லீரலில் இது முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. கண் நரம்பைத் தாக்குவது இவ்வமிலமே. இம்மாற்றத்திற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் அன்றிரவு நலமாகவே காணப்படலாம்; மறுநாள் வயிறு வலிக்கும், பார்வை மங்கும், மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் உயிரையும் பார்வையையும் காக்க இயலும்.

வீட்டு அறிவுரை தவறுவது இவ்விடத்தில்தான். மேற்கு வங்காளத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றமாகும். ஆகவே, பதினாறு வயதுப் பையனின் கைக்கு வருவது கணக்கில் வராத சரக்காக இருக்கும் வாய்ப்பு மிகுதி. “தொட்டால் தோலை உரித்துவிடுவேன்” என்பதை மட்டுமே கேட்டு வளர்ந்தவன், கண் மங்கும்போதும் அதனை மறைக்கவே முயல்வான். குடிக்கலாகாது என்பதோடு, தவறிக் குடித்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், கண்டிப்பெல்லாம் பின்னர்தான் என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே கூறியிருத்தல் அவசியம். அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி, மருத்துவரிடம் வெறும் வயிற்றுவலி என்று கூறும் பெற்றோரும் உண்டு. குடித்த செய்தி தெரிந்தால்தான் அவர் உரிய சிகிச்சையைக் காலத்தே தொடங்க முடியும்.