ரை பாணும் அதன் வேரும்

கடையில் வெள்ளைப் பாணுக்குப் பக்கத்தில் கறுப்பாக, பாரமாக இன்னொரு பாணும் இருக்கும். சாப்பிட்டால் கொஞ்சம் புளிக்கும். அதுதான் ரை பாண்.

ரை, கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம். கடும் குளிர் நாட்டிலும் விளையும். பின்லாந்து மக்களுக்கு ரை பாண் என்றால் உயிர். பின்லாந்து 1917இல் சுதந்திரம் பெற்றது. நூறாவது ஆண்டையொட்டி, "நம் தேசிய உணவு எது?" என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். ரை பாண்தான் வென்றது!

அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில், நடுவில் ஓட்டை உள்ள வட்டப் பாண் செய்வார்கள். அந்தக் காலத்தில் அதை நீளத் தடியில் கோத்து, கூரைக்குக் கீழே தொங்க விடுவார்கள். காய்ந்த பாண் பல மாதம் கெடாது.

ஏன் புளிக்க வேண்டும்?

கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடும். ரை மா அப்படி இழுபடாது. களி போல ஒட்டும். அதோடு, ரை மாவில் உள்ள ஒரு பொருள், பாண் வேகும்போது மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அப்போது பாணின் உள்பக்கம் பசை மாதிரி ஆகிவிடும். புளிப்பு இருந்தால் அந்த வேலை குறையும். ஆகவே புளிப்பு ருசிக்கு மட்டும் இல்லை. புளிக்காவிட்டால் நல்ல ரை பாண் வராது.

யார் புளிக்க வைப்பது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நம் தோசை மாவைப் பொங்க வைப்பதும் இப்படிப்பட்டவைதான். "மா நல்லாப் புளிச்சிட்டுது" என்று அம்மா சொல்லுவா, இல்லையா? ஆனால் தோசை மாவுக்கு ஓர் இரவு போதும். ரை மாவுக்கு முதல் தடவை ஒரு கிழமை வேண்டும்.

இந்தப் புளித்த மாவைப் பின்லாந்தில் "யூரி" என்பார்கள். அதன் பொருள் "வேர்". முன்பு மா பிசையும் மரத் தொட்டியைக் கழுவ மாட்டார்கள். அதில் ஒட்டிக் காய்ந்த மாவே அடுத்த பாணுக்கு வேர்!

வேர் செய்வோமா?

1. கண்ணாடிப் போத்தலில் 50 கிராம் ரை மாவும் 50 மில்லிலீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரும் கலக்குங்கள். இறுக்கி மூட வேண்டாம்.
2. தினமும் இரண்டு கரண்டி மாவை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை எடுத்துவிடுங்கள். அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேருங்கள்.
3. இரண்டாம் நாள் குமிழி வரலாம். மூன்றாம், நான்காம் நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். "செத்துப் போச்சு" என்று கொட்டிவிடாதீர்கள்! முதலில் வந்த நுண்ணுயிர்கள் புளிப்பைத் தாங்காமல் போகின்றன. புளிப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் மெல்ல வளர்கின்றன.
4. ஏறக்குறைய ஏழாம் நாள் தயிர் போல மணக்கும். சில மணி நேரத்தில் பொங்கி எழும். வேர் தயார். (எந்த நிறத்தில் பூஞ்சணம் பிடித்தாலும் முழுவதையும் வீசிவிடுங்கள்.)

பாண் சுடுவோம்

இரவில் 100 கிராம் வேர், 200 கிராம் ரை மா, 200 மில்லிலீட்டர் தண்ணீர் கலந்து மூடி வையுங்கள். காலையில் இரண்டு கரண்டி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அது அடுத்த பாணுக்கு வேர். மீதியில் 200 கிராம் மா, 130 மில்லிலீட்டர் தண்ணீர், 8 கிராம் உப்பு சேருங்கள். பட்டர் பூசிய பாண் அச்சில் ஈரக் கரண்டியால் நிரப்புங்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் மேலே சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும்.

இப்ப அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடுங்கள். ஓவனில் 220 பாகையில் 15 நிமிடம், பிறகு 190 பாகையில் 40 நிமிடம் சுட வேண்டும்.

மணம் வந்ததும் வெட்ட ஆசை வரும். பொறுங்கள்! ஆறிய பிறகு துணியில் சுற்றி, அடுத்த நாள் வெட்டுங்கள். அப்போதுதான் உள்பக்கம் இறுகும், கத்தியில் ஒட்டாது.

சொற்கள்
பாண் – பிரெட்
கிழமை – வாரம்
பாரம் – எடை
பூஞ்சணம் – கெட்ட உணவில் படரும் பூஞ்சை

பதில் எழுதுங்கள்
1. ரை மாவுக்குப் புளிப்பு ஏன் தேவை?
2. மூன்றாம் நாள் மாவை ஏன் கொட்டக் கூடாது?
3. உங்கள் வீட்டில் மா புளிக்க வைத்துச் செய்யும் உணவு எது? அம்மம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, செய்முறையை ஐந்து வசனங்களில் எழுதுங்கள்.