வழியில் உடைந்த மேசை: நஷ்டம் யாருக்கு?

சங்கக் காரியாலயத்திற்குப் பழைய மேசை, பீரோ வாங்குமிடத்து எழும் வழக்குகளை நாம் அடிக்கடி காண்கிறோம். பொருள் வந்து சேரும்வரை நஷ்டம் விற்றவருடையதே என அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. வேறு உடன்பாடு இல்லையாயின், உடைந்த வேளையில் பொருள் எவருக்கு உரிமையோ, பொதுவாக நஷ்டமும் அவருக்கே. நேரில் பார்த்து நிபந்தனையின்றி விலை முடித்த மேசை, பணம் கொடாவிடினும், அப்பொழுதே வாங்கியவருடையதாகக் கொள்ளப்படும். ஆடும் காலைச் செப்பனிட்டுத் தர விற்றவர் ஒப்பியிருந்தாலோ, அவ்வேலை முடிந்து தகவல் வரும்வரை அது அவருடையதே. அவர் வசம் இருக்கையில் அவருடைய கவனக்குறைவால் உடைந்தாலும் பொறுப்பு அவரைச் சாரும்.

ஆதலின், "வந்து இறங்கும்வரை பொறுப்பு விற்பவருடையது" என்ற ஒரு வரியை ரசீதில் எழுதி வாங்குக. முன்பே உள்ள கீறல்களையும் அதிலேயே குறித்தல் நன்று. லாரிக்காரர் நீட்டும் சீட்டில் உடைவைக் குறிக்காது கையொப்பமிடலாகாது.